பழைய டெல்லிக்குப் போகிறாயா தங்கச்சி?

முதலில் கிழமையைப் பார். திங்கட்கிழமை செங்கோட்டை திறக்காது. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சவுக்கில் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு வருபவர்களால் ஜாமா மசூதிப் பக்கம் கூட்டம் நெரியும். மிச்சமுள்ள நாலு நாளில் ஒன்றை வைத்துக்கொள்.

பையில் பெரிய பருத்தித் துப்பட்டா கட்டாயம் இருக்கட்டும். மசூதியில் தோளை மூட, சீஸ் கஞ்ச் குருத்வாராவில் தலையை மூட, காரி பாவ்லி சந்தையில் மிளகாய் நெடிக்கு மூக்கைப் பொத்த அது ஒன்றே போதும். தோல் பை மட்டும் வேண்டாம்மா. செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜைனர் கோயிலுக்குள் தோல் பொருளுடன் போக முடியாது. அந்த வளாகத்திலேயே பறவைகளுக்கென்று ஒரு மருத்துவமனை நடத்துகிறார்கள், அவசியம் பார்.

காலை எட்டு மணிக்கே ஜாமா மசூதி மெட்ரோவில் இறங்கிவிடு. 1656-ல் கட்டி முடித்த மசூதி அது. செருப்பைக் கழற்றித்தான் போகவேண்டும், வெயில் ஏறினால் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும். அதனால் சாக்ஸ் எடுத்துக்கொள். நண்பகல் தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க வருபவர்களை அனுமதிப்பதில்லை. அடுத்தது செங்கோட்டை. டிக்கெட்டை முன்னாலேயே ஆன்லைனில் எடுத்துவிடு. லாகூர் வாசலைத் தாண்டியதும் வரும் கூரை போட்ட கடைவீதி ஷாஜகான் காலத்தது. ரசித்துக்கொண்டே நட, அங்கேயே வாங்கினால் நாள் முழுக்கச் சுமக்கவேண்டும்.

கோட்டையைவிட எனக்கு நெருக்கமானது அதன் எதிரே நீளும் தெருதான். சாந்தினி சவுக்கை 1650-ல் அமைத்தவர் ஷாஜகானின் மகள் ஜஹானாரா. அன்று நடுவில் கால்வாய் ஓடியது. மறுகோடியில் நிற்கும் ஃபதேபுரி மசூதியைக் கட்டியவரும் ஒரு பேகம்தான். பெண்கள் உருவாக்கிய தெரு அது, கூச்சப்பட்டு ஒதுங்கி நடக்காதே. பகலில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை உண்டு. உடன் வரும் அம்மாவுக்குக் கால் வலித்தால் சைக்கிள் ரிக்‌ஷா பிடி, ஏறும் முன்பே "கித்னா லேங்கே, பையா?" என்று கேட்டுக் கூலியைப் பேசி முடி.

கடைகள் திறக்கப் பதினோரு மணியாகும். தரீபா கலானில் வெள்ளியும் அத்தரும். கொலுசு வாங்கினால் எடையும் செய்கூலியும் தனித்தனியாக எழுதிய பில் கேள். கினாரி பஜாரில் ஜரிகை பார்க்கப் பிளவுஸ் துணியைக் கையோடு கொண்டுபோ, நினைவில் வைத்த நிறம் ஏமாற்றிவிடும். பராத்தே வாலி கலியில் பராத்தாவை நெய்யில் பொரித்தே எடுப்பார்கள், இரண்டு பேருக்கு ஒரு தட்டு தாராளம். குளிர்காலமாக இருந்தால் தௌலத் கி சாட்டைத் தவறவிடாதே. வெறும் பால் நுரை, வாயில் வைத்ததும் காணாமல் போகும்.

காரி பாவ்லியைக் கடைசிக்கு வை. மொத்த வியாபாரச் சந்தை அது. மூட்டை தூக்கி வருபவர்கள் பாரத்தோடு நின்று நிதானிக்க முடியாது, நீதான் சட்டென்று விலகவேண்டும். கறுப்பு ஏலக்காய், பாதாம், உலர் அத்தி எல்லாம் இரண்டு மூன்று கடையில் விலை விசாரித்து, முகர்ந்து பார்த்து வாங்கு. வீடு திரும்ப சாந்தினி சவுக் மெட்ரோவுக்கு வந்துவிடலாம். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது, அம்மாவை அதில் ஏற்று.