ஔந்த் அரசர் தந்த சுயராஜ்யம்

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்குச் சென்ற பருவத்தில் குடிமையியல் பாடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கற்பனையாக ஒரு தீவு. அங்கே ஓர் அரசர் இருக்கிறார். ஆனால் ஆட்சி சட்டப்படி நடக்கிறது. அந்தத் தீவின் அரசியல் முறையை இரண்டு பக்கங்களில் எழுதி வர வேண்டும். அவள் தீவுக்குப் பெயர் வைத்தாள், கொடி வரைந்தாள், அரசருக்குத் தங்க நிறத்தில் கிரீடமும் தீட்டினாள். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தாத்தா, அரசர் தப்புப் பண்ணினா யார் கேக்கிறது?"

அரசியல் சாத்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்த பின், "கற்பனைத் தீவு எதற்கு? நம் பக்கத்திலேயே அப்படி ஒரு ராஜ்யம் இருந்ததே!" என்று தோன்றியது. அவளுக்குச் சொன்னதையே நம் சங்க அன்பர்களுக்கும், முக்கியமாக அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும், இங்கே எழுதுகிறேன்.

முடியாட்சியில் இரண்டு வகை

அரசர் சொல்வதே சட்டம் என்றால் அது வரம்பில்லாத முடியாட்சி. அரசரும் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த அவையிடமும் அதற்குப் பதில் சொல்லும் அமைச்சர்களிடமும் இருக்கிறது என்றால் அது அரசமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி. இங்கிலாந்து இதற்குப் பழைய உதாரணம். ஜப்பானில் 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் பேரரசரை நாட்டின் சின்னமாக மட்டும் வைத்தது. பசிபிக் கடலிலுள்ள டோங்கா என்ற சின்னஞ்சிறு தீவு ராஜ்யம் 1875-லேயே எழுதப்பட்ட அரசமைப்பைப் பெற்றுவிட்டது.

புனேக்காரர்களான நமக்கு இன்னோர் உதாரணம் கண் முன்னே நிற்கிறது. சனிவார் வாடாவைப் பார்க்காதவர் நம்மில் யார்? சத்ரபதி சாத்தாராவில் இருந்தார். அவருடைய பிரதம மந்திரியான பேஷ்வா புனேயில் இருந்து ஆண்டார். அரசர் பெயருக்கு, ஆட்சி அமைச்சருக்கு என்பதால் இதையும் அந்த வகையில் சேர்க்கலாமா என்று பேத்தி கேட்டாள். கூடாது. அங்கே அதிகாரம் ஒரு பரம்பரையிடமிருந்து இன்னொரு பரம்பரைக்குத்தான் போனது. மக்களிடம் வரவில்லை, பேஷ்வாவைக் கேள்வி கேட்க ஓர் அவையும் இல்லை. அரசரின் கை ஓய்ந்தால் மட்டும் போதாது, மக்களின் கை உயர வேண்டும்.

அப்படி உயர்ந்த இடம்தான் ஔந்த்.

எந்த ஔந்த்?

ஔந்த் என்றதும் நமக்கு நினைவு வருவது பாணேருக்குப் பக்கத்தில், நம் உறுப்பினர் பலர் குடியிருக்கும் புனேயின் ஔந்த். நான் சொல்வது சாத்தாரா மாவட்டத்தில், கடாவ் வட்டத்தில் இருக்கும் ஔந்த். குன்றின் மேல் யமாய் தேவி கோயில், கீழே ஒரு சிறிய ஊர். 1948 வரை அது ஒரு சமஸ்தானத்தின் தலைநகர்.

சமஸ்தானம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். மொத்தம் 72 கிராமங்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. அந்தக் கிராமங்களும் ஒரே இடத்தில் இல்லை. ஔந்த் ஒரு பக்கம், குண்டல் ஒரு பக்கம், ஆட்பாடி வேறொரு பக்கம், குணதாள் இன்றைய கர்நாடகத்தின் விஜயபுரப் பகுதியில். சுற்றிலும் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. வரைபடத்தைப் பார்த்த பேத்தி, "தாத்தா, இதுவும் தீவுதானே!" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

செஞ்சியில் பிறந்த பட்டம்

இந்த அரச குடும்பத்தின் பட்டப்பெயர் ‘பந்த் பிரதிநிதி’. திண்டிவனத்தில் பிறந்த எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. 1689-இல் சம்பாஜி கொல்லப்பட்ட பிறகு, மொகலாயப் படைக்குத் தப்பிய ராஜாராம் சத்ரபதி நம் செஞ்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1698-இல் கோட்டை வீழும் வரை செஞ்சி மராட்டிய அரசின் தலைநகராக விளங்கியது. அரசருக்குப் பதிலாக நின்று செயல்பட ஒருவர் தேவைப்பட்ட அந்த நெருக்கடியில், செஞ்சியில் உருவான பதவிதான் ‘பிரதிநிதி’. முதலில் அதைப் பெற்றவர் பிரல்ஹாத் நிராஜி. பின்னர் பரசுராம் திரிம்பக்கிடம் அது வந்தது. அவருடைய வழித்தோன்றல்களே ஔந்த் அரசர்கள்.

சொல்லைக் கவனியுங்கள். அன்று பிரதிநிதி என்றால் அரசரின் ஆள். இன்று பிரதிநிதி என்றால் மக்களின் ஆள். அந்த மாற்றம் இந்தக் குடும்பத்தின் கையாலேயே நடந்தது.

1939: அரசர் கையெழுத்திட்டார்

1909 முதல் ஆண்டவர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி. ஓவியர், சூரிய நமஸ்காரத்தை நாடெங்கும் பரப்பியவர். நம் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதத்துக்கு ஆய்வுப் பதிப்பு கொண்டுவர முனைந்தபோது முதலில் ஆதரவுக் கரம் நீட்டியவர். 1910-இல் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் தொழிற்சாலை வைக்க இடமில்லாமல் தவித்தபோது, குண்டலுக்கு அருகே தரிசு நிலம் கொடுத்தவரும் இவரே. கிர்லோஸ்கர்வாடி பிறந்தது அப்படித்தான்.

அவருடைய மகன் அப்பா பந்த் ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்தவர். அவருக்கு மாரிஸ் ஃபிரிட்மன் என்ற போலந்து நாட்டுப் பொறியாளர் நண்பரானார். ஃபிரிட்மன் பெங்களூரில் மைசூர் அரசின் மின்பொருள் தொழிற்சாலையில் பணியாற்றியவர்; காந்தியடிகளிடம் ஈடுபாடு கொண்டவர். அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனை அரசருக்குப் பிடித்துப் போயிற்று. 1938-இன் இறுதியில் அறிவிப்பு வந்தது. அரசமைப்பின் வரைவு காந்தியடிகளின் ஆலோசனையுடன் உருவானது. 1939 ஜனவரி 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

கட்டடம் கீழிருந்து எழும்பியது. கிராமத்தார் ஐந்து பேர் கொண்ட பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பஞ்சாயத்துகளின் தலைவர்கள் சேர்ந்தது தாலுகா சபை. தாலுகா சபைகளிலிருந்து சட்டசபைக்கு ஆட்கள் போவார்கள். அப்பா பந்த் பிரதமரானார். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை போன்றவை சட்டத்திலேயே எழுதப்பட்டன. வழக்குக்காக ஏழை விவசாயி வண்டி கட்டிக்கொண்டு நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை. நீதியைக் கிராமத்துக்கே கொண்டுபோக வழி செய்தார்கள். அரசர்? அவர் அரசராகவே இருந்தார். ஆனால் மக்களின் முதல் ஊழியராக.

குறையும் உண்டு

பாடம் என்றால் குறையையும் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கே வாக்கு என்ற நிபந்தனையைக் காந்தியடிகள் வற்புறுத்தினார். எழுத்தறிவு பரவ அது தூண்டுகோலாகும் என்பது அவர் எண்ணம். ஆனால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாதிருந்தவர்கள், அதிலும் பெண்களும் ஏழைகளும், உடனடியாக வெளியே நின்றிருப்பார்கள். சுதந்திர இந்தியா 1951–52 பொதுத் தேர்தலில் வேறு பாதையை எடுத்தது. கைநாட்டு வைப்பவருக்கும் வாக்கு. கற்றவன் வாக்குக்கும் கல்லாதவன் வாக்குக்கும் ஒரே எடை. எது சரி என்று பேத்தியைக் கேட்டேன். "பசிக்கிறதுன்னு சொல்ல எழுத்து தெரியணுமா தாத்தா?" என்றாள். நான் வேறு விளக்கம் தரவில்லை.

இன்னொன்று: இந்தச் சமஸ்தானத்துக்கு மேலே பிரிட்டிஷ் மேலாதிக்கம் இருந்தது. வீட்டுக்குள் சுயராஜ்யம், வாசலில் வேறொருவர் காவல். இருந்தும் அந்த வீட்டுக்குள் பல நல்ல காரியங்கள் நடந்தன. ஆட்பாடி அருகே ‘ஸ்வதந்த்ரபூர்’ என்ற திறந்தவெளிச் சிறையை அமைத்தார்கள். மதிலும் இல்லை, கம்பியும் இல்லை. கொலைக் குற்றவாளிகள் நிலம் உழுது வாழ்ந்தார்கள். அதிலிருந்து பிறந்ததே வி. சாந்தாராம் 1957-இல் எடுத்த ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’. கதை எழுதிய ஜி. டி. மாட்கூள்கர் அந்தப் பகுதிக்காரர். அதைத்தான் நாம் 1975-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’வாகப் பார்த்தோம். திண்டிவனம் கொட்டகையில் கைதட்டிப் பார்த்த படத்தின் வேர் சாங்கிலி மாவட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு இத்தனை காலம் தெரியாது!

1948 மார்ச் 8-ஆம் நாள் ஔந்த், மற்றத் தக்காண சமஸ்தானங்களோடு பம்பாய் மாகாணத்தில் இணைந்தது. அரசர் 1951-இல் காலமானார். ஒன்பதே ஆண்டுச் சோதனை. ஆனால் 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் நாடெங்கும் பஞ்சாயத்துகளுக்கு அரசமைப்பில் இடம் தந்ததே, அந்தப் பாதையில் முன்பே நடந்து பார்த்த சிற்றூர்களில் இவையும் சேர்ந்தவை.

எனக்குக் கிடைத்த பாடம்

விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். ஸ்வார்கேட்டில் எஸ்.டி. பஸ் ஏறி சாத்தாரா, அங்கிருந்து ஔந்த். யமாய் தேவியைக் கும்பிட்டோம். அரசர் நிறுவிய பவானி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்தோம். திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "ராஜா குடுத்துட்டார். ஜனங்க வாங்கிக்காம சும்மா இருந்தா என்ன ஆகும்?"

பஸ் சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். உண்மையில் நன்றாக விழுந்தது. 1978-இல் புனேக்கு வந்தவன் நான். கட்கியில் வேலை, இங்கேயே வீடு, இங்கேயே பிள்ளைகளின் கல்யாணம். ஆனால் என் பெயர் பல வருடங்கள் திண்டிவனத்து வாக்காளர் பட்டியலிலேயே கிடந்தது. அங்கே போய் வாக்களித்ததும் இல்லை. இங்கே பதிந்துகொண்டதும் இல்லை. தெருவில் குழாய்த் தண்ணீர் வராவிட்டால் மட்டும், "நாம வெளியூர்க்காரங்க, நம்ம பேச்சை யார் கேட்பா?" என்று அலுத்துக்கொள்வேன். கேட்க வைக்கும் சீட்டை நானே வாங்காமல் இருந்தேன் என்பதைப் பேத்தியின் கேள்விதான் உணர்த்தியது.

ஊர் திரும்பிய வாரமே விண்ணப்பம் கொடுத்தேன். இப்போது என் பெயர் புனே பட்டியலில் இருக்கிறது. பிறந்த ஊர்ப் பாசம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. அன்பர்களே, உங்கள் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

பேத்தி தன் தீவுக்கு எழுதிய கடைசி விதி இது: "அரசர் தப்புப் பண்ணினால் சபை கேட்கும். சபை தப்புப் பண்ணினால் மக்கள் கேட்பார்கள். மக்கள் கேட்காவிட்டால் தப்பு மக்களுடையது."

பிள்ளைகள் சிந்திக்க

1. பேஷ்வா ஆட்சிக்கும் 1939-க்குப் பிந்திய ஔந்த் ஆட்சிக்கும் அடிப்படை வேற்றுமை என்ன?
2. ‘பிரதிநிதி’ என்ற சொல்லின் பொருள் எப்படி மாறியது?
3. எழுத்தறிவு உள்ளவர்க்கே வாக்கு என்பதை ஏற்பீர்களா? காரணம் கூறுக.
4. உங்கள் வீட்டில் வாக்குரிமை உள்ளவர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் புனேயில் இருக்கிறது? அப்பா அம்மாவைக் கேட்டு எழுதுக.