பெயரேட்டின் பின்னிலைக் களஞ்சியம்

எந்தச் சங்கத்துக்கும் அதன் பெயரேடே உயிர்நிலை. நம் கல்லூரி வாயிலைக் கடந்து சென்ற மாணவர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். அவர்தம் முகவரியும் தொழிலும் கற்ற ஆண்டும் ஓரிடத்தே தொகுக்கப்படாவிடின், மலர் ஒன்றை அனுப்புவதுதானும் அரிதாகும். இக்குறையை நீக்க எண்ணி, பழைய மாணவர் சிலராகிய நாம் குருநகரில் அன்பர் ஒருவர் இல்லத்து முன்னறையிற் கூடி, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்எல்டாப் என்னும் மென்பொருளைக் கொண்டு ஓர் அடைவு வழங்கியை அமைத்தோம். அப்போது கற்றதும் தவறியதும் மாணவருக்குப் பயன்படுமென்று கருதி இங்கு எடுத்துரைக்கின்றோம்.

அடைவு வழங்கி என்பது யாது?

அடிக்கடி படிக்கப்படுவதும் அருகியே திருத்தப்படுவதுமாகிய விவரங்களைக் கேட்டவுடன் எடுத்துத் தரும் கணினி ஏற்பாடே அடைவு வழங்கி. அதனோடு உரையாடும் நெறிமுறை எல்டாப் எனப்படும். 1988 இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.500 என்னும் பெருநெறி சுமை மிக்கதாய் இருந்தமையின், அதனை எளிமையாக்கி இந்நெறி 1993 இல் வெளிவந்தது. ஓப்பன்எல்டாப் பணி 1998 இல் தொடங்கியது.

இவ்வடைவிற் பதிவுகள் மரவுருவில் அமைவன. நாம் கடித உறையில் முதலில் ஆளின் பெயரையும், அடுத்துக் குருநகர் என்பதையும், பின்னர் யாழ்ப்பாணம், இலங்கை என்பவற்றையும் எழுதுகின்றோம் அல்லவா? ஒவ்வொரு பதிவின் முழுப்பெயரும் அவ்வாறே சிறியதிலிருந்து பெரியதை நோக்கிச் செல்லும்.

வழங்கிக்கு இரு பகுதிகள் உள. முன்னிலைப் பகுதி கேள்வியை ஏற்று விடையிறுக்கும். பின்னிலைப் பகுதி பதிவுகளை வட்டிற் காத்து வைக்கும். பின்னிலையைப் பிழையற அமைப்பதே நாம் ஈண்டுக் கூறப்புகும் பொருள்.

இரு களஞ்சியங்கள்

முன்னாளிற் பேர்க்லி தரவுத்தளத்தின் மேலமைந்த பின்னிலைகளே பெரிதும் வழங்கின. அவற்றுக்குத் தரவுத்தளத்தின் இடைநினைவகம், பதிவுகளின் இடைநினைவகம், சுட்டிகளின் இடைநினைவகம் என மூன்றையும் தனித்தனியே அளந்து குறிக்கவேண்டும். ஒன்று பிழைப்பின் வழங்கி தளர்ந்துவிடும். 2011 இல் ஹவார்ட் சூ என்பார் ஆக்கிய எல்.எம்.டி.பி. இத்தொல்லையை நீக்கிற்று. 2021 இல் வெளிவந்த 2.5 ஆம் பதிப்பிலிருந்து பழைய பின்னிலைகள் அகற்றப்பட்டன. ஆதலால் இன்று புதிதாகத் தொடங்குவோர் எம்.டி.பி. என்னும் பின்னிலையையே கொள்ளல் தகும்.

இதன் செயலை ஓர் உவமையால் விளக்குவோம். நல்ல கணக்கப்பிள்ளை பழைய தாளை அழித்தெழுதான். திருத்தியதைப் புதுத்தாளில் எழுதி முடித்த பின்னரே முகப்புத்தாளிற் புதுத்தாளின் எண்ணைக் குறிப்பான். முகப்புத்தாள்களும் இரண்டு. ஒன்றை விட்டு ஒன்றிலே மாறிமாறிக் குறிப்பான். எழுதும்போது விளக்கணைந்தாலும் முந்திய முகப்புத்தாள் கூறும் கணக்குப் பழுதின்றி இருக்கும். எல்.எம்.டி.பி. செய்வதும் இதுவே. மின்சாரம் நின்று மீண்டபின் செப்பனிடும் வேலை எதுவும் வேண்டியதில்லை.

நாம் தவறிய இடம்

இதில் நாம் கட்டாயமாக நோக்கவேண்டியது உச்ச அளவு என்னும் ஒன்றாகும். நாம் குறிப்பிடாவிடின் அது 1,04,85,760 பைற்று, அதாவது 10 மெகாபைற்று அளவிலே நிற்கும். நாம் அதனைக் கவனியாது விட்டோம். சில ஆயிரம் பதிவுகள் சேர்ந்ததும், வட்டில் இடம் நிரம்ப இருந்தும், களஞ்சியம் நிறைந்ததென்று வழங்கி மறுத்துவிட்டது. வட்டுப் பழுதென்று மயங்கி இரண்டு மாலைகளை வீணாக்கினோம். முன்னுள்ள பதிவுகளுக்கு ஊறு நேரவில்லை என்பதே ஆறுதல். அளவை 1 கிகாபைற்றாக உயர்த்தி வழங்கியை மீளத் தொடக்கியதும் குறை தீர்ந்தது. 64 பிற் கணினியில் இவ்வளவைப் பெரிதாகக் குறிப்பதால் வட்டில் இடம் உடனே செலவாவதில்லை. கோப்புத் தேவைக்கேற்பவே வளரும்.

சுட்டிகள்

நூலின் இறுதியிலுள்ள சுட்டி போன்றே, பெயர், ஆண்டு முதலியவற்றுக்குக் களஞ்சியத்திலும் சுட்டி அமைக்கலாம். முழுச்சொல் ஒப்புமைக்கு ஒருவகை, சொற்பகுதித் தேடலுக்கு வேறொருவகை. சுட்டி இல்லையேல் வழங்கி ஒவ்வொரு பதிவாகப் புரட்டும். மிகுந்தாலோ எழுதுதல் தாமதப்படும். எனவே எதனைக்கொண்டு தேடுவோம் என்று எண்ணித் துணிதல் வேண்டும்.

அமைவுக்கோப்பிற் புதிய சுட்டியைச் சேர்த்தால், வழங்கியை நிறுத்தி, சிலாப்இண்டெக்ஸ் என்னும் கருவியை இயக்கவேண்டும். இதனை மறந்தால் முன்னைய பதிவுகள் உள்ளிருந்தும் தேடலில் அகப்படா. இல்லாத பெயரென்று நாமே ஒருவரைத் தள்ளிவிடுவோம். இக்கருவியை வழங்கிக்குரிய பயனர் பெயரில் இயக்குவதும் இன்றியமையாதது. தலைமைப் பயனர் பெயரில் இயக்கினால், கோப்புகளின் உரிமை மாறி வழங்கி அவற்றைத் திறக்கமுடியாது போதல் கூடும்.

விரைவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு திருத்தமும் முடிந்தவுடன் அதனை வட்டிற் பதிப்பதே இயல்பான முறை. விரைவு கருதி அதனை நிறுத்தும் வழியும் உண்டு. அங்ஙனம் செய்யின், மின்தடை நேரும்போது இறுதியாகச் செய்த திருத்தங்கள் சில மறைந்துபோகும். சங்கப் பெயரேட்டுக்கு அத்துணை விரைவு வேண்டியதில்லை.

படியெடுத்தல்

சிலாப்கற் என்னும் கருவி, வழங்கி இயங்கும்போதே களஞ்சியம் முழுவதையும் உரைக்கோப்பாக எடுத்துத் தரும். அக்கோப்பைத் திறப்போர் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த வரிகளைக் கண்டு திகைத்தல் வேண்டா. ஆங்கிலமல்லாத எழுத்துகள் பேஸ்64 என்னும் குறியீட்டில் அமைவது அக்கோப்பின் விதி. சிலாப்அட் என்னும் கருவியால் வெற்றுக் களஞ்சியமொன்றில் ஏற்றிப்பார்த்தால் தமிழ் தமிழாகவே மீளும். இங்ஙனம் ஏற்றிப்பாராத படி, படியென்று எண்ணத்தக்கதன்று.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை. இதனை அறிந்த நாம் ஒரே வட்டை நம்பியிருத்தல் தகாது. ஆதலின் பெயரேட்டின் ஒரு படியை யாழ்ப்பாணத்திலும் மற்றொன்றைக் கடல் கடந்த ஊரொன்றிலும் வைத்தல் வேண்டும். அன்பர்கள் தத்தம் விவரங்களைத் தந்து உதவுவாராக. மாணவர் இக்கலையைக் கற்று, நமக்குப் பின்னும் இவ்வேட்டைப் பேணி வருவாராக.