மடியும் நகரம்

சீன அறிவியல் புனைகதைகளை ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்றவர்களுள் கென் லியூ குறிப்பிடத்தக்கவர். எழுவர் எழுதிய 13 கதைகளை மொழிபெயர்த்து 2016ஆம் ஆண்டு ஒரே தொகுப்பாக வெளியிட்டார். அதிலுள்ள ‘மடியும் பெய்ஜிங்’ ஹாவ் ஜிங்ஃபாங் எழுதியது. அக்கதையில் நகரின் மூன்று பகுதிகள் முறைவைத்து மடிந்து விரிகின்றன. 48 மணி நேரச் சுழற்சியில் 50 இலட்சம் மேட்டுக்குடியினர் 24 மணி நேரம் பெறுகின்றனர். 5 கோடி எளியோர்க்கோ இரவின் 8 மணி நேரமே வாய்க்கிறது. குப்பை தரம்பிரிக்கும் லாவ் தாவ், வளர்ப்பு மகளைப் பள்ளியில் சேர்க்கப் பொருளீட்ட வேண்டி, கடிதமொன்றைச் சுமந்து தடையை மீறி முதற்பகுதிக்குச் செல்கிறார். இயந்திரம் உழைப்பைப் பறித்தபின் எளியோரின் நேரம் எவருக்குரியது? சீன மொழியில் பிறந்த இவ்வினாவை உலகோர் அனைவருக்கும் உரியதாக்கியது மொழிபெயர்ப்பே.