சிற்றில் இழைத்த செல்வி

சேது நீராட மண்டபம் வழியே செல்லும் அடியார்கள், கரை மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியரைக் கண்டிருப்பர். அச்சிறு வீட்டையும் இச்சேதுவையும் ஒரே பதிகத்தில் சேர்த்துப் பாடிய பெண்பிள்ளை சூடிக்கொடுத்த சுடர்க்கொடியாகிய ஆண்டாள். அவள் தோன்றிய ஸ்ரீவில்லிபுத்தூர், 1985 வரை இந்த இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

ஆடிப் பூரத்தில் துளசித் தோட்டத்தில் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்தார் விஷ்ணுசித்தர் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. பெற்றோர் இன்னார் என்று சுட்ட இயலாத அக்குழந்தைக்குக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கோதை என்பதற்கு மாலை என்றும் பொருளுண்டு. வடபத்ரசாயிக்கு நாள்தோறும் மாலை கட்டுவதே தொழிலாகக் கொண்டவர் வேறு என்ன பெயர் இடுவார்! அத்தந்தை மதுரையில் பாண்டியன் அவையில் பரத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்றவர். பட்டர்பிரான் என்று பெயர் பெற்றவர். எனினும் அவர் திரும்பி வந்தது அதே நந்தவனத்திற்குத்தான்.

அவ்வீட்டில் சிறுமி எதனைக் கேட்டு வளர்ந்திருப்பாள்? பெரியாழ்வார் திருமொழியைக் காண்போர்க்கு விடை எளிது. கண்ணனின் பிள்ளைப் பருவம் முழுதும் அங்கே உண்டு. அனுமன் பிராட்டியிடம் அடையாளங்கள் கூறிக் கணையாழி அளிக்கும் பதிகமும் உண்டு. மகளை மாலுக்குப் பறிகொடுத்த தாயின் புலம்பலும் உண்டு. அதனைப் படிக்கையில் கோதையின் நினைவு வாராதவர் அரியர்.

பெருமாளுக்குரிய மாலையை அவள் சூடி அழகு பார்த்ததும், தந்தை வெகுண்டதும், சூடிய மாலையே தமக்கு உகந்தது என்று பெருமாள் கனவில் உரைத்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வளவாக நினைக்கப்படாதது ஒன்றுண்டு. பிறந்த குடியை அறியாத அப்பெண், தன் குடியைத் தன் வாயாலேயே சொல்லி வைத்தாள். திருப்பாவையின் முப்பதாம் பாட்டில் பட்டர்பிரான் கோதை என்கிறாள். நாச்சியார் திருமொழியில் தந்தையின் வேயர் குலத்தையும் குறிப்பிடுகிறாள். வளர்த்த தொடர்பைப் பிறவித் தொடர்பினும் குறைவாக அவள் எண்ணியதற்கு ஒரு சொல்லும் இல்லை.

நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் ஆயர் சிறுமியர் தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாவென்று கண்ணனை இரக்கின்றனர். கடலை அடைத்தவனே என்கின்றனர். அடுத்த பாட்டிலேயே சேதுவைக் கட்டியவனே என்றும் விளிக்கின்றனர். அலைகடலில் அணை கட்டிய கை, குழந்தைகள் வருந்தி இழைத்த மணல் வீட்டை அழிக்கலாமோ என்னும் வழக்கு அதனுள் இருக்கிறது. கட்டுவோர் வருத்தம் கட்டினவனுக்கன்றோ தெரியும்! அப்பதிகத்தின் முடிவிலும், ஆயர் சிறுமியரின் மழலையைத் தமிழாக்கியவள் விட்டுசித்தன் மகள் கோதை என்றே கையொப்பம் இடுகிறாள்.