முயலும் வைரஸும் கற்றுத்தந்தவை

அன்புள்ள தம்பிக்கு,

கால்நடை மருத்துவம் படிப்பதா, வன உயிரியல் படிப்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் கைகோக்கும் துறை ஒன்று உண்டு. பெருகித் தொல்லை தரும் விலங்குகளையும் காட்டுயிர்களின் நோய்களையும் ஆராய்வது அது. அந்த வேலையின் இயல்பை ஆஸ்திரேலிய முயல்களின் கதை நன்றாக விளக்கும்.

1859-இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்துத் தம் நிலத்தில் விட்டார். வந்தவை இரண்டு டஜன்தான். அரை நூற்றாண்டுக்குள் அவை கண்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. செம்மறி ஆடுகளின் மேய்ச்சலைத் தின்றன. முளைவிட்ட மரக்கன்றுகளைக் கடித்துத் தீர்த்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,800 கிலோமீட்டருக்கும் நீளமான வேலி போட்டார்கள். அது முடியும் முன்பே முயல்கள் அப்பால் போய்விட்டன.

பிறகுதான் மிக்சோமா வைரஸ் பக்கம் கவனம் திரும்பியது. தென் அமெரிக்கக் காட்டு முயலுக்கு அது சிறு கட்டியை மட்டுமே தரும். ஐரோப்பிய முயலையோ கொன்றுவிடும். ஆனாலும் உடனே அவிழ்த்துவிடவில்லை. உள்நாட்டு விலங்குகளுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கு வருமா என்று 1930-களிலிருந்தே சோதித்தார்கள். 1950-இல் வெளியே விட்டபோது முதலில் பலன் தெரியவில்லை. கோடையில் கொசு பெருகியதும் ஆற்றோரமாக நோய் பாய்ந்து பரவியது. அதே காலத்தில் அப்பகுதி மக்களுக்கு மூளைக்காய்ச்சல் வர, இந்த வைரஸ்தான் காரணமோ என்ற அச்சம் எழுந்தது. ஃபிராங்க் ஃபென்னர், மெக்ஃபார்லேன் பர்னெட், இயன் க்ளூனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகளும் அந்த வைரஸைத் தங்கள் உடலிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை.

இதற்குப் பிறகு ஃபென்னர் செய்ததைத்தான் நீ ஊன்றிப் படிக்க வேண்டும். முயல்கள் மடிந்ததோடு அவர் ஆய்வை மூடிவிடவில்லை. ஆண்டுதோறும் களத்திலிருந்து வைரஸை எடுத்துச் சோதித்தார். நோய் கண்ட முயல்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் கொன்ற வைரஸ், சில ஆண்டுகளிலேயே வீரியம் தணிந்திருந்தது. சட்டென்று செத்த முயலைக் கொசு கடிக்க அவகாசம் குறைவு. சில நாள் கூடுதலாக உயிரோடிருந்த முயலிடமிருந்தே நோய் அதிகம் பரவியது. மறுபுறம், பிழைத்த முயல்களின் குட்டிகளிடம் எதிர்ப்புத்திறன் கூடியது. முயல்கள் மீண்டும் பெருகின. 1990-களில் வேறொரு வைரஸைத் தேட வேண்டியதாயிற்று. 1995-இல் அது சோதனைத் தீவிலிருந்து, திட்டமிட்ட காலத்துக்கு முன்பே பெருநிலத்துக்குத் தப்பியது.

இதே நாட்டில்தான், கரும்பு வண்டை ஒழிக்கவென்று 1935-இல் ஹவாயிலிருந்து தேரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வண்டை ஒழிக்கவில்லை. அவற்றின் நஞ்சு, அவற்றைத் தின்ற உடும்புகளையும் குவால் என்ற ஊனுண்ணிகளையும் கொன்றது. வேறு எவற்றைத் தாக்கும் என்று முன்கூட்டியே பாராத அவசரத்துக்கு அந்த நிலம் இன்றுவரை விலை கொடுக்கிறது.

ஆகவே தம்பி, ஓர் உயிரை அடக்க இன்னோர் உயிரை ஏவும் முன் மூன்றைக் கேள்: இது வேறு எதைத் தொடும்? எதன் மூலம் பரவும்? பத்தாண்டு கழித்து எப்படி மாறியிருக்கும்? முதல் இரண்டுக்கும் ஆய்வுக்கூடம் ஓரளவு விடை தரும். மூன்றாவதற்கு ஆண்டுக்கணக்கில் களத்தில் நின்று குறிப்பெடுக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உன்னிடம் இருக்குமானால், எந்தப் படிப்பின் வழியாகவும் நீ இத்துறைக்கு வரலாம்.

அன்புடன்,
அண்ணன்