இணையமில்லாக் கணினியினின்று கம்பியில்லாத் தொடர்பு

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்களுக்கு மாவுப்பூச்சி புதியதன்று. 2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்ப் பக்கம் தென்பட்டுப் பின்னர் எங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் விட்டுவைக்கவில்லை. அத்தொல்லை அடங்கிச் சில ஆண்டுகள் கழியுமுன், 2020-ஆம் ஆண்டில் கேரளத்துத் திருச்சூரில் வேறோர் இனம் காணப்பட்டு, இப்பகுதி மரவள்ளிக் கொல்லைகளிலும் புகுந்துவிட்டது. இளஞ்சிவப்பு நிறமுள்ள இப்பூச்சி நுனிக் குருத்தில் சாற்றை உறிஞ்சுவதால் கணுவிடை குறுகி, இலைகள் சுருண்டு, செடியின் தலை கொத்தாகி நின்றுவிடும். இதனை அடக்கும் பொருட்டு அனாகைரஸ் லோபெசி என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி, மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெனின் தேசத்தினின்று வருவிக்கப்பெற்று, 2022 மார்ச் மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. குளவி உலவும் கொல்லையில் விஷ மருந்தைத் தெளித்தால் நன்மை செய்யும் குளவியும் உடன் மடியும். ஆகையால் இரண்டு பூச்சிகளையும் படத்தில் காட்டி, இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று விளக்கும் பிரசுரம், மருந்துக் கடைக்குப் புறப்படுமுன் குடியானவர் கையில் இருத்தல் வேண்டும்.

அவ்வகைப் பிரசுரங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் மலையடிவாரச் சிற்றூர்களில் கைப்பேசிக் கோபுரத்தின் அலை மெலிந்து வரும் இடங்கள் உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக் கணினியில் பிரசுரம் சேமிக்கப்பட்டிருந்தும், "இங்கே இணையம் இல்லை" என்று சொல்லிக் குடியானவரை வெறுங்கையுடன் அனுப்பிவிடுவது வழக்கம். இது தவறான எண்ணத்தினின்று பிறந்தது. கம்பியில்லாத் தொடர்பு வேறு, இணையம் வேறு. மேட்டூர்த் தண்ணீர் வராத நாளிலும் சொந்தக் கிணற்று நீரை அதே வாய்க்காலில் பாய்ச்சிக்கொள்வதில்லையா? வைஃபை என்பது வாய்க்கால். இணையம் என்பது தொலைவிலுள்ள அணை. சங்கத்துக் கணினியைக் கிணறாகக் கொண்டால், அங்குள்ளதை அக்கட்டடத்தைச் சுற்றி நிற்போர் யாவரும் தம் கைப்பேசியில் காசு செலவின்றி இறக்கிக்கொள்ளலாம்.

இம்முறை பரீக்ஷை செய்யப்படாததன்று. 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் நிலையங்களை ஏற்படுத்தியபோது, வில்லியனூரை நடுநிலையமாக வைத்துச் செய்திகளைத் திரட்டி, அங்கிருந்து ரேடியோ மூலம் கிராமத்துக் கணினிகளுக்கு அனுப்பிற்று. வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசித்து மீனவருக்குச் சொன்னார்கள். 2003-ஆம் ஆண்டளவில் கர்நாடகத்துத் தொட்டபள்ளாப்பூர் தாலுகாவில் நடந்த டாக்நெட் என்னும் ஏற்பாடு இன்னும் வியப்பானது. வைஃபை கருவி பூட்டிய பஸ் ஒன்று கிராமங்களின் வழியே போகும்போது அங்குள்ள கணினிகளிலிருந்து விண்ணப்பங்களைத் தானே வாங்கிக்கொண்டு தாலுகா தலைநகரத்தில் இறக்கிற்று. நில ஆவணங்கள் சம்பந்தமான வேலைகள் அவ்வழியே நடந்தன. ரோட்டில் ஓடும் பஸ்ஸே அங்கே தந்திக் கம்பியாயிற்று எனலாம்.

இனி அமைக்கும் விதம். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள மடிக்கணினியில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்னும் வசதி உண்டு. அதைத் திறப்போர் பெரும்பாலும் முதற்படியிலேயே தடைப்படுவார்கள். பகிர்ந்துகொள்ளத் தொடர்பு யாதும் இல்லாவிடில், அமைக்க இயலவில்லை என்று கணினி கூறிவிடும். கருவி பழுது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரிடம் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. பிறருக்குப் பகிர்வதற்கென்றே அவ்வசதி வகுக்கப்பட்டிருப்பதால், பகிர ஒன்றுமில்லாதபோது அது மறுக்கிறது, அவ்வளவே. பழைய கணினிகளில் கட்டளைச் சாளரத்தின் மூலம் இணையமின்றியே வலையமைப்பைத் தொடங்கும் வழி ஒன்று இருந்தது. புதிய கணினிகள் பலவற்றின் வைஃபைச் சாதனம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. போலித் தொடர்பு ஒன்றை நிறுவிக் கணினியை நம்பச் செய்யும் உபாயமும் உண்டாயினும், அது கைதேர்ந்தவருக்கே உரியது.

லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு உள்ள கணினியில் இத்தொல்லை இல்லை. அமைப்புகள் பகுதியில் வைஃபை என்பதைத் திறந்து, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஹாட்ஸ்பாட்டை இயக்கும்படி சொன்னால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டு உடனே அலையை வெளியிடும். கடவுச்சொல் 8 எழுத்துக்கேனும் குறையாதிருத்தல் வேண்டும்.

சங்கம், நூல்நிலையம், பஞ்சாயத்து அலுவலகம் போன்ற நிரந்தர இடங்களுக்கு இவ்விரண்டையும்விட உகந்தது ஒரு சாதாரண ரௌட்டர்ப் பெட்டியே. வீடுகளில் இணையத்துக்கென வாங்கிப் பின் மூலையில் போட்டுவைத்த பெட்டியும் போதும். வெளியிலிருந்து வரும் இணையக் கம்பிக்குரிய துளையை வெறுமையாக விட்டுவிட்டு, உள்வலைக்குரிய துளைகளில் ஒன்றைக் கணினியுடன் கம்பியால் இணைத்து மின்சாரம் கொடுத்தால், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி தன் அலையைப் பரப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டில் எட்டுக் கைப்பேசிகளே சேரலாம். ரௌட்டர் அதனினும் அதிகம் தாங்கும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இத்தகைய சிறு சக்திக் கருவிகளுக்கு 2005-ஆம் ஆண்டு முதல் லைசென்ஸ் வேண்டுவதில்லை.

அலை பரவிய மாத்திரத்தில் பிரசுரம் கைப்பேசிக்கு வந்துவிடாது. கணினி அதை எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். பைத்தான் என்னும் இலவச மென்பொருளை முன்னமே நிறுவியிருந்தால், ஒரே வரிக் கட்டளையில் ஓர் அடைவு முழுவதையும் பக்கமாகத் திறந்துவைக்கலாம். கட்டளை எந்த அடைவினுள் நின்று கொடுக்கப்படுகிறதோ, அதனுள் இருப்பன யாவும் கடவுச்சொல் அறிந்த எவருக்கும் தெரியும் என்பதை மறத்தலாகாது. பிரசுரங்களுக்கெனத் தனி அடைவு வேண்டுவது இதனாலேயே. கிராம அதிகாரிகள் பட்டா நகல், ஆதார் நகல், கடன் கணக்கு முதலியவற்றை அக்கணினியிலேயே வைக்காதிருத்தல் உத்தமம். முதன்முறை தொடங்கும்போது விண்டோஸின் காவல் மென்பொருள் அனுமதி கேட்கும். அங்கே மறுத்துவிட்டால் கைப்பேசிகளில் பக்கம் திறவாது. அநேகர் தோல்வியுறுவது இவ்விடத்தில்தான்.

குடியானவர் செய்யவேண்டியது சொற்பம். கைப்பேசியில் வைஃபைப் பெயரைத் தெரிந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்தபின், "இத்தொடர்பில் இணையம் இல்லை, விட்டுவிடலாமா?" என்று கைப்பேசி கேட்பதுண்டு. விடாமல் இருக்கும்படி சொல்லவேண்டும். சில கைப்பேசிகள் கேளாமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆகவே டேட்டாவைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பது நலம். அடுத்து, முகவரிக் கட்டத்தில் கணினியின் எண்ணைத் தட்டவேண்டும். உபுண்டுவாயின் அது வழக்கமாக 10.42.0.1; அதன் பின் ஒரு முக்காற்புள்ளியும் 8000 என்ற எண்ணும் சேரும். ரௌட்டராயின் எண் மாறக்கூடும். ரௌட்டரின் அமைப்பில் கணினிக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டு, அதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவதே சுலபம்.

செங்கற்சுவர் ஒன்று குறுக்கிட்டால் அலை மெலியும். ஈரமான அடர்ந்த தழையும் அவ்வாறே. கருவியைத் திண்ணையை நோக்கிய ஜன்னலருகே சற்று உயரமாக வைத்தால், வெளியே நிற்போருக்கும் எட்டும். இரும்புப் பீரோவின் மேல் வைப்பது கூடாது. மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினி தன் பாட்டரியில் ஓடும், ரௌட்டர் நின்றுவிடும்; அதற்குச் சிறு மாற்று மின்பெட்டி வேண்டும்.

புதிய பிரசுரங்களை வாரம் ஒருமுறை இணையமுள்ள இடத்திலிருந்து பென் டிரைவில் கொண்டுவரலாம். சேலம் சந்திப்பு ரயில் நிலையத்தை ஒட்டிய சூரமங்கலத்தில் உழவர் சந்தை இருக்கிறது. அங்கே காய்கறி விற்றுத் திரும்புவோர் ஊர்த் தேவைக்கும் சேர்த்து இதனைச் செய்துவர இயலும். பென் டிரைவ் பல கணினிகளைத் தொடுவதாதலால் வைரஸ் பரிசோதனைக்குப் பின்னரே திறக்கவேண்டும். மாவுப்பூச்சிப் பிரசுரம் ஒரு பருவத்துக்கு உதவும். சந்தை விலைப்பட்டியல் அப்படியன்று. தக்காளியின் நேற்றைய விலையை இன்றைய விலையென நம்பி வண்டி பூட்டியவர் வாடகையையும் சேர்த்து இழப்பார். விலைப்பட்டியலின் பெயரிலேயே தேதியைச் சேர்த்து எழுதி, மறுநாள் காலை கதவு திறந்ததும் பழையதை அழித்துவிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.