திடலுக்கு வருபவருக்கு என்ன லாபம்?

மாலையில் சிறுவர்க்குப் பந்தாட்டம் பழக்கும் ஒருவரைக் கண்டால், வியாபாரிகளாகிய நமக்கு முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பது தவறன்று. அநேகர் சம்பளமின்றியே வருகிறார்கள்.

மகன் விளையாடச் சேர்ந்ததால் தாமும் வந்து நின்றவர் பலர். மகன் வளர்ந்து விலகிய பின்னும் திடலை விடாதவர்களும் உண்டு. சிறு வயதில் யாரோ தம்மைப் பழக்கினார் என்ற நினைவே அவர்களைப் பிடித்து வைக்கிறது என்று நாம் கருதுகிறோம். அது பேரேட்டில் ஏறாத கடன். கொடுத்தவரிடம் அடைக்க முடியாது. அடுத்த தலைமுறையிடம்தான் அடைக்கலாம்.

சிங்கப்பூரின் ஃபாண்டி அகமதைப் பாருங்கள். தந்தை தேசிய அணியின் கோல் காவலர். மகனோ சிறு வயதில் குடும்பத்துக்காக நாசி லெமாக் விற்றவர். 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் சங்கத்துக்கு ஆடி, இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டார். அத்தனை புகழுக்குப் பின் 'யங் லயன்ஸ்' இளைஞர் அணியைப் பழக்க வந்தார். 2018இல் மறுபடி வந்தபோது அவர் மகன்மாரும் அவ்வணியில் ஆடினர். முதல்முறை வந்தபோதோ அவர்கள் சிறு குழந்தைகள். தொழில்முறைப் பயிற்சியாளர்தான், மறுக்கவில்லை. எனினும் இளைஞரைப் பழக்குவதில் பெயர் குறைவு, ஏச்சு அதிகம்.

கிண்ணத்துக்காக வருபவர் ஒரு தோல்வியோடு நின்றுவிடுவார். தடுமாறும் பையன் ஒருநாள் பந்தைச் சரியாகக் கடத்துவதைக் காண வருபவரே நிலைக்கிறார். கடைக்கு வந்த புதுப் பையன் தராசு பிடிக்கக் கற்றதைப் பார்த்த நமக்கு அந்த இன்பம் புதிதன்று.

ஆனால் நாம் இரவு வரை கல்லாவில் இருக்கிறோம். நம் பிள்ளைகளைப் பழக்குபவர் வேறு வீட்டுத் தகப்பனார். ஒருவர் கடையை மற்றவர் பார்த்துக்கொண்டு, ஞாயிறு மாலையாவது முறைவைத்துப் போகலாமே? பந்து தெரியாவிட்டால் என்ன, தண்ணீர் கொடுக்கவும் ஆள் வேண்டும்.